சிவப்பு என்று முழுதாக

ஓல்ஷாங்கா, 11 மார்ச் 1951

தங்கை ரோசாலியாவுக்கு,

இந்தக் கடிதத்தின் முதல் சொற்களில் இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ் உண்டாகட்டும். இரண்டாவது சொற்களில், நான் சுகம், உன் அண்ணி ஃபிலோமெனா சுகம், நீயும் மச்சான் இக்னாசியும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். மச்சானின் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? மூன்றாவது சொற்களிலிருந்து உன்னைத் திட்டப் போகிறேன்.

முதலில் கையெழுத்தைப் பார். இது கோயில் ஆர்கன்காரன் ஹிபோலிட்டின் கையெழுத்து இல்லை. என்னுடையது. அறுபத்தாறு வயதில், இந்தக் குளிர்காலம் முழுவதும், பள்ளிக்கூடத்துச் சின்னப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அப்பா உன்னைப் பாதிரியார் வீட்டுக்கு எழுத்துப் படிக்க அனுப்பினார், என்னை மாட்டோடு அனுப்பினார். இப்போது மாடும் இல்லை, அப்பாவும் இல்லை, எழுத்து இருக்கிறது. இதுவரை எழுதியதற்கே பூசை முடிந்ததிலிருந்து உருளைக்கிழங்கு வேகும்வரை ஆயிற்று. ஃபிலோமெனா சொல்கிறாள், "யோவ் கிழவா, ஏர் ஓட்டுற மாதிரி அழுத்துற. மேசையில பள்ளம் விழுது."

படிக்கத் தெரிந்ததும் நான் முதலில் எடுத்தது உன் கடிதம். 1947 பிப்ரவரியில் நீ எழுதியது. வேலியோரம் நாற்பது சிவப்புக் கரன்ட் பழச் செடி, கிணற்றடியில் ஆறு கருப்பு. எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டு மேற்கே போய்க் குடியேறிய பிறகு, எப்படி வெட்டிவிடுவது என்று எழுதியிருந்தாய். ஹிபோலிட் அன்று எனக்கு இப்படிப் படித்தான்: "சிவப்புச் செடிகளை மண்மட்டத்தில் வெட்டு. மற்றதில் கத்தி வைக்காதே." நாற்பதையும் வெட்டினேன். ஆகஸ்டில் நீ என்னைக் கொலைகாரன் என்று எழுதினாய்.

இப்போது கேள். உன் கடிதத்தில் சிவப்பு என்ற சொல்லே இல்லை! "ச். செடிகளை மண்மட்டத்தில் வெட்டு" என்றுதான் இருக்கிறது. ஓர் எழுத்து, ஒரு புள்ளி. நான் தாளில் எழுதிப் பார்த்தேன். நம் போலிஷில் கருப்பு: சார்னா. சிவப்பு: செர்வோனா. ஆயுள் முழுவதும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த இந்த இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன என்று இந்த மாதம்தான் எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் புள்ளி வைத்தாய். மையை மிச்சம் பிடித்து என் பெயரைக் கெடுத்தாய்.

நான்கு வருஷமாக நான் கொலைகாரன். இனி நீ. மன்னிப்பு எழுதி அனுப்பு. பெரிய எழுத்தில் எழுது, எனக்குப் படிக்கச் சுலபம்.

பதிலுக்குக் காத்திருக்கும் உன் அண்ணன்,
வாலென்டி (நானே எழுதினேன்)

*

டோம்ப்ரூவ்கா, 2 ஏப்ரல் 1951

வாலென்டி அண்ணாவுக்கு,

என்றென்றைக்கும் புகழ், ஆமென். நான் சுகம்.

எழுதக் கற்றுக்கொண்டது நல்லது. புத்தியும் அதே பெஞ்சில் கொடுத்தார்களா?

கருப்புக் கரன்ட் போன வருஷத்துப் புதுக் கிளையில் காய்க்கும். அதனால் கிழட்டுக் கிளையை அடியோடு வெட்டலாம். சிவப்பு பழைய கட்டையில்தான் காய்க்கும், வெட்டினால் போச்சு. இது நம் ஊரில் வேலிக்கு வெளியே நின்று மேய்கிற ஆட்டுக்குக்கூடத் தெரியும். நீ அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். நான் ச். என்று எழுதினால் என்ன, ஒன்றுமே எழுதாமல் விட்டால்தான் என்ன? நாற்பது செடியை வெட்டும்போது ஒரு செடியிலாவது கை நிற்க வேண்டாமா?

அந்த ஆகஸ்டில் நீ அனுப்பிய பதில் என்னிடம் இருக்கிறது. "மதிப்புக்குரிய சகோதரி, செடிகள் யாவும் மடிந்தன, விறகாக நன்கு எரிந்தன." மதிப்புக்குரிய சகோதரி! திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மச்சானின் முழங்கால் எப்படி என்று கேட்டிருக்கிறாய். இதை எழுத உனக்குக் கை எப்படி வந்தது? 1947 அக்டோபரில் நான் எழுதிய கடிதம் உனக்கு வந்ததா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்.

ரோ.

*

ஓல்ஷாங்கா, 15 ஏப்ரல் 1951

தங்கை ரோசாலியாவுக்கு,

முதல் சொற்களில் இறைவனுக்குப் புகழ். நான் சுகம், ஃபிலோமெனாவுக்குச் சளி. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு முழு நாள் ஆயிற்று. ஆட்டைப் பற்றி நீ எழுதிய வரியை மூன்று தரம் படித்தேன். கோபம் வந்தது, ஆனால் ஒரு வசவை நானே எழுத்துக்கூட்டிப் படிப்பது இதுதான் முதல் முறை, அதனால் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. சந்தோஷம் தீர்ந்துபோயிற்று. கோபம் இருக்கிறது.

ஹிபோலிட்டைப் போய்ப் பார்த்தேன். ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் தின்றுகொண்டிருந்தான். கடிதத்தை மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இதுல சிவப்புன்னு எங்கய்யா இருக்கு?"

"அதோ, அங்கதான்."

"எங்க? விரலை வச்சுக் காட்டு."

"ச் போட்டிருக்குல்ல. ச்-ன்னா சிவப்பு. வேலியோரம் நாப்பது நிக்குது, கிணத்தடியில ஆறு. ஒருத்தி மெனக்கெட்டுக் கடுதாசி போட்டா எதைப் பத்திப் போடுவா, நாப்பதைப் பத்தியா, ஆறைப் பத்தியா?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"படிக்கத் தெரிஞ்சவன் தெரியலைன்னு சொன்னா மரியாதை என்ன ஆகுறது, வாலென்டி?"

அந்த "மதிப்புக்குரிய சகோதரி"யும் அவன் போட்டதுதான். நான் சொன்னது "கழுதைமூளைக்காரி". அவன் மாற்றிவிட்டான். இதோ, இப்போது என் கையாலேயே எழுதுகிறேன்: கழுதைமூளைக்காரி. பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று, ஒவ்வொரு நிமிஷமும் இனித்தது.

அக்டோபர் கடிதம் வந்தது. நான் பிரிக்கவில்லை. ஒரு கடிதத்தில் கொலைகாரன் என்றாய், அதை ஹிபோலிட் வாயால் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். இன்னொன்றும் கேட்க வேண்டுமா? மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். இன்னும் அங்கேயே இருக்கிறது. பிரிக்கவும் மாட்டேன், நீ மன்னிப்புக் கேட்கிறவரை.

மச்சானுக்கு என் வணக்கம். அவன் பக்கத்திலிருந்து உன்னிடம் நியாயம் சொல்லட்டும். அவனுக்கு எப்போதும் உன்னைவிடப் புத்தி அதிகம்.

உன் அண்ணன்,
வாலென்டி

*

டோம்ப்ரூவ்கா, 20 மே 1951

அண்ணாவுக்கு,

என்றென்றைக்கும் புகழ். நான் சுகம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். நான்கைந்து தரம்.

பிரிக்கவே இல்லையா.

சரி. அது அங்கேயே இருக்கட்டும். இத்தனை வருஷம் இருந்தது இருக்கட்டும். இப்போது பிரித்து யாருக்கு என்ன வரப்போகிறது? ஒரு தரம் எழுதியதை நான் இன்னொரு தரம் எழுத மாட்டேன்.

முழங்கால் கேட்டாய். இப்போது வலிப்பதில்லை.

இந்த வீட்டுத் தோட்டத்தில், போருக்கு முன்னே இங்கே இருந்த ஜெர்மானியன் வைத்துவிட்டுப் போன கருப்புக் கரன்ட் இருபது செடி இருக்கிறது. ஒழுங்காக வெட்டிவிடுகிறேன், உரம் வைக்கிறேன், கிளை ஒடிய ஒடியக் காய்க்கிறது. அண்டை வீட்டார் வாளி வாளியாக எடுத்துப் போகிறார்கள். நான் ஒன்று வாயில் போட்டதில்லை. இலையைத் தொட்டாலே பூனை வாடை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், சண்டைக்காக இல்லை. என் சிவப்பில் ஒரே ஒரு கட்டையாவது எங்கேயாவது துளிர்த்திருக்கிறதா? வேலி மூலையில், கல்லுக்கு அடியில், எங்கேயாவது? இருந்தால் ஒரு குச்சி ஒடித்து அனுப்பு. ஒரு குச்சி போதும், நான் பிழைக்க வைத்துக்கொள்வேன்.

ரோ.

*

ஓல்ஷாங்கா, 3 ஜூன் 1951

தங்கை ரோசாலியாவுக்கு,

முதல் சொற்களில் இறைவனுக்குப் புகழ். சளி போயிற்று, நாங்கள் சுகம். மச்சானுக்குக் கால் சரியானது கேட்டு இருவருக்கும் சந்தோஷம். ஃபிலோமெனா ஜெபமாலை சொன்னாள்.

குச்சி கேட்டிருக்கிறாய். மன்னிப்பைக் காணோம், குச்சி மட்டும் வேண்டுமாம். நான்தான் அன்றே சொன்னேனே, எல்லாம் மடிந்தது, எரிந்தது. கொலைகாரனிடம் குச்சி கேட்கலாமா?

இருந்திருந்தாலும் பயனில்லை. உன் நிலமும் என் நிலமும் சேர்ந்து கூட்டுப் பண்ணைக்குப் போகிறது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எல்லாரும் கட்டைவிரலை மையில் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பேனா கேட்டேன். கமிட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் நிலத்தைக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது. உருளைக்கிழங்கு தோண்டி முடிந்ததும் அக்டோபரில் டிராக்டர் வந்து வேலியோரம் வரை ஒரே வயலாக உழுதுவிடும்.

வேறு செய்தி இல்லை. இந்த வருஷம் பச்சைப் புழு தொல்லை. செடிக்கு நடுவிலிருந்து ஆரம்பித்து இலையை நரம்பு மட்டும் விட்டுத் தின்கிறது. இடுப்பொடிய சோப்புத் தண்ணீர் அடித்தேன். அதற்குள் மைனாக்கூட்டம் வேறு வேலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, பழம் எப்போது சிவக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய தகரத்தை எல்லாம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

மச்சானை ஒரு வரி எழுதச் சொல். உன் குரலே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

உன் அண்ணன்,
வாலென்டி

*

டோம்ப்ரூவ்கா, 17 ஜூன் 1951

அண்ணா,

புகழ். சுகம்.

செத்து, எரிந்து, சாம்பலாய்ப்போன செடியில் எந்தப் புழு இலை தின்கிறது? எந்தப் பழம் சிவக்கப்போகிறது என்று மைனா காத்திருக்கிறது?

பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு எழுதத் தெரிந்திருக்கக் கூடாது.

ரோ.

*

ஓல்ஷாங்கா, 8 ஜூலை 1951

ரோசாலியாவுக்கு,

முதல் சொற்களில் புகழ். சுகம்.

உன் கடிதத்தை ஃபிலோமெனாவுக்குப் படித்துக் காட்டினேன். பால் கறந்துகொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீயாவே எழுதி நீயாவே மாட்டிக்கிட்டியா? ஹிபோலிட் எழுதியிருந்தா புழுவை வெட்டியிருப்பான்யா."

சரி. உயிரோடு இருக்கின்றன. ஒன்று இரண்டு இல்லை, நாற்பதும். வெட்டிய அடுத்த வருஷம் மண்ணுக்குள்ளிருந்து விரல் மாதிரி துளிர் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. துளிரை எண்ணி, நல்லதாக எட்டு விட்டு, மற்றதைக் கிள்ளினேன். நடுவில் காற்று போக வழி விட்டேன். சாம்பல் போட்டேன். மூன்றாம் வருஷம் நாலு கொத்து காய்த்தது. இந்த வருஷம் வேலியே தெரியவில்லை. சூரியன் எதிரில் நிற்கும்போது பார்த்தால் ஒவ்வொரு மணிக்குள்ளும் விதை தெரிகிறது. இதை நீ பார்க்கவில்லை என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்த அளவுக்கு உன்மேல் கோபம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ, "பார், என் செடி, எத்தனை வெட்டினாலும் சாகாது" என்று பெருமைப்பட்டிருப்பாய். என் பெயர் கொலைகாரனாகவே இருந்திருக்கும்.

குச்சி வேண்டுமானால் தருகிறேன். ஒன்றில்லை, நாற்பதும் தருகிறேன். ஆனால் நீ ஒரு வரி எழுத வேண்டும்: "ச். என்று எழுதியது என் தப்பு." அவ்வளவுதான். குச்சி வெட்ட நல்ல காலம் செப்டம்பர் கடைசி. அதற்குள் வரி வராவிட்டால் டிராக்டர் வரும். நான் வேலியில் சாய்ந்து நின்று பார்ப்பேன்.

மச்சான் எழுதவில்லை. நீ விடவில்லையா?

வாலென்டி

*

டோம்ப்ரூவ்கா, 29 ஜூலை 1951

அண்ணா,

உழட்டும்.

நான்கு வருஷம் செத்தது என்று நினைத்திருந்தேன். இன்னொரு தரம் சாகட்டும், எனக்குப் பழக்கம்தான். உயிரோடு இருக்கிறது என்று ஒரு வரி நீ சொல்லியிருக்கலாம். நீ சொல்லாதது எத்தனை என்று உனக்கே தெரியாது.

அந்த வரியை நான் எழுத மாட்டேன். நீ இப்போது படித்தவன். படிக்க வேண்டியதை முதலில் படி. அதுவரை எனக்கு எழுதாதே.

ரோ.

*

ஓல்ஷாங்கா, 4 செப்டம்பர் 1951
புனித ரோசாலியாவின் நாள்

ரோசாலியா,

நீ எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

இன்று உன் பெயர் நாள் என்பதால் மாதா படத்தின் தூசியைத் துடைக்கக் கழற்றினேன். கடிதம் கீழே விழுந்தது. உன்மேல் இருந்த எரிச்சலில்தான் பிரித்தேன். இன்னும் எத்தனை சொல்லைச் சுருக்கியிருக்கிறாய் என்று கண்டுபிடித்து எழுதி அனுப்பலாம் என்று.

நான் எப்படிப் படிப்பேன் என்று உனக்குத் தெரியாது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக. மற்றவர்கள் கெட்ட செய்தியை ஒரே பார்வையில் படித்துவிடுவார்கள். எனக்கு அது மத்தியானம் முழுவதும் வந்தது. "இக்னாசி" என்று கூட்டினேன். அப்புறம் "அறுவடை". அப்புறம் "படு", "படுக்கை". எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சரியாகப் படித்தேனா என்று நீயே பார், இங்கே எழுதுகிறேன்.

"அண்ணா, ஆகஸ்டில் நான் எழுதியதை விட்டுவிடு. இக்னாசி அறுவடை நாளிலிருந்து படுக்கையில் இருக்கிறார். தண்ணீர்கூட இறங்கவில்லை. இந்தத் தோட்டத்துக் கருப்புச் சாறு கொடுத்தால் துப்புகிறார். நம் சிவப்புச் சாறு ஒரு வாய் வேண்டும் என்கிறார். போன வருஷத்துப் பாட்டில் ஏதாவது மிச்சம் இருந்தால் அனுப்பு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சீக்கிரம். உன் தங்கை ரோசாலியா."

தேதி அக்டோபர் ஒன்பது.

இந்தக் கடிதத்தில் நீ எதையும் சுருக்கவில்லை. சிவப்பு என்று முழுதாக எழுதியிருக்கிறாய். உன் பெயரையும்.

அந்த அக்டோபரில் என் நிலவறையில் ஏழு பாட்டில் இருந்தது, ரோசாலியா. ஏழு. கிறிஸ்துமஸுக்குக் குடித்தோம். ஹிபோலிட்டுக்கும் ஒரு குவளை ஊற்றினேன்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? ஏன் மறுபடி எழுதவில்லை? தந்தி கொடுக்க வேண்டியதுதானே? நான் பதில் போடாதபோது, வாலென்டி பிரிக்காமல் இருப்பான், அவன் அப்படிப்பட்ட மடையன் என்று உனக்குத் தோன்ற வேண்டாமா? அறுபது வருஷமாக என்னைத் தெரியுமே! தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன் என்றா நினைத்தாய்? நான்கு வருஷமும் அப்படியா நினைத்தாய்?

வசந்தத்திலிருந்து முழங்கால், முழங்கால் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வலிப்பதில்லை என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் ஃபிலோமெனாவிடம், "பாத்தியா, மச்சானுக்குக் கால் சரியாயிடுச்சு" என்றேன். அவள் ஜெபமாலை சொன்னாள். நீ என்னை அதைச் செய்ய விட்டாய்.

ஃபிலோமெனா கேட்கிறாள், "என்னிக்குன்னு கேளுங்க." அவள் என்னை நீங்க என்று சொல்லி முப்பது வருஷம் ஆகிறது.

என்றைக்கு?

உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அந்த வரியை எழுதாதே. எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

வாலென்டி

*

ஓல்ஷாங்கா, 7 அக்டோபர் 1951

தங்கை ரோசாலியாவுக்கு,

முதல் சொற்களில் இறைவனுக்குப் புகழ். நாங்கள் உடம்பால் சுகம். உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

சாக்கில் சுற்றிய கட்டு ஒன்று ரயிலில் வருகிறது. உள்ளே ஈரப்பாசி வைத்திருக்கிறேன், வந்ததும் பிரி, ஒருநாள்கூடத் தள்ளாதே. ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒன்று, மொத்தம் நாற்பது குச்சி. இந்த வருஷம் விட்ட நேரான கிளை, பென்சில் தடிமன், ஒன்றரைச் சாண். இலையை உருவிவிட்டேன். கீழ் மொட்டுகளைக் கிள்ளிவிட்டேன், மேலே நான்கு மட்டும் இருக்கிறது. பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகட்டும். உனக்குத் தெரியும். தெரிந்ததையும் முழுதாக எழுத வேண்டும் என்று இப்போது ஒரு பழக்கம்.

ஒவ்வொரு குச்சியிலும் ஒரு மரச்சில்லு கட்டியிருக்கிறேன். அதில் சிவப்பு என்று முழுதாக எழுதியிருக்கிறேன், செர்வோனா, ஓர் எழுத்தும் விடாமல். புள்ளி எங்கும் இல்லை. தப்பு வரக்கூடாது என்று முதல் சில்லை எழுதி எதிரில் வைத்துக்கொண்டு, மற்ற முப்பத்தொன்பதையும் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நான்கு நாள் ஆயிற்று. அந்தப் பென்சில் ஈரம் பட்டால் ஊதாவாகும், நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதில் என் வாயும் ஊதா. ஹிபோலிட் வழியில் பார்த்துவிட்டு, "என்ன வாலென்டி, மைக்கூட்டைக் குடிச்சியா?" என்றான். தாண்டிப் போய்விட்டேன். இனி அவனோடு பேச்சில்லை, அவன் படித்தது தப்பு என்பதற்காக இல்லை. அந்தக் குவளைக்காக.

என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் பட்டையை நகத்தால் கீறி மோந்து பார். வாடை வந்தால் கருப்பு.

திங்கட்கிழமை டிராக்டர் வந்தது. வேலியில் சாய்ந்து நின்று பார்ப்பேன் என்று எழுதியிருந்தேன். வேலியையும் எடுத்துவிட்டார்கள், சாய இடமில்லை. ஓட்டுகிறவர் இறங்கி வந்து, "பெரியவரே, காய்க்கிற செடியாச்சே, மனசு வரலை" என்றார். உழுங்க என்றேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உன் அண்ணன்,
வாலென்டி

*

டோம்ப்ரூவ்கா, 4 நவம்பர் 1951

வாலென்டி அண்ணாவுக்கு,

என்றென்றைக்கும் புகழ், ஆமென். நான் சுகம். நீயும் அண்ணி ஃபிலோமெனாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நவம்பர் மூன்றாம் தேதி. நேற்றோடு நான்கு வருஷம்.

உன்மேல் கோபம் போகவில்லை. போகும் என்று எதிர்பார்க்காதே. தந்தி கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டிருந்தாய். தபால் ஆபீஸ் வரை போனேன். வாசலிலிருந்து திரும்பிவிட்டேன். அந்தக் கோபம் என்மேல்.

கட்டு வந்தது. பாசி காயவில்லை. ஜெர்மானியனின் கருப்பில் பத்துச் செடியைத் தோண்டி அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் முப்பத்தொன்பது நட்டேன். ஒன்றை அவர் கால்மாட்டில் நட்டேன். பாதிரியார் பார்த்துவிட்டு, "கல்லறையில பழச்செடியா, ரோசாலியா? பூச்செடி வைக்கக் கூடாதா?" என்றார். "அவர் கேட்டது பூ இல்ல சாமி" என்றேன். போய்விட்டார்.

பட்டையைக் கீறி மோந்து பார்க்கவில்லை.

இப்போது உன் படிப்பைப் பற்றி. செர்வோனா என்பதில் நடுவிலிருக்கும் வோ எங்கே? முதல் சில்லில் அதை விழுங்கிவிட்டு, தப்பு வரக்கூடாது என்று மற்ற முப்பத்தொன்பதையும் அதைப் பார்த்தே எழுதியிருக்கிறாய். செர்னா, செர்னா, செர்னா. நாற்பது தரம். அண்டை வீட்டுக்காரி படித்துவிட்டு, "இது கருப்பா சிவப்பா?" என்று கேட்கிறாள். சிரித்தேன். அவளுக்கு முன்னால் நான் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று என்று அவள்தான் சொன்னாள்.

திருத்தவில்லை. மழையில் உன் ஊதா எழுத்து ஓட ஆரம்பித்தது. கல்லறைத் திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவத்திகளின் மிச்சத்தைப் பொறுக்கி வந்து, உருக்கி, நாற்பது சில்லிலும் தடவியிருக்கிறேன். இனி அழியாது.

மே மாதம் பச்சைப் புழு வரும். இலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர் அடிக்க எனக்கு இடுப்பு வளையாது. எங்களுக்குப் பக்கத்திலுள்ள லெக்னீட்சா ரயில் நிலையத்தில் இறங்கினால் பலகையில் ஊர்ப் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். நீயே படித்துக்கொள்.

உன் தங்கை,
ரோசாலியா